திறக்காத சிலிண்டர்

நான் சோடா போடுகிறவன். கோலி சோடா. ஆலங்காயத்தில் என் தாய்மாமன் கடையில் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஜவ்வாது மலைமேல் கடைத்தெருவில் சொந்தமாக மிஷின் போட்டு உட்கார்ந்தவன். பன்னீர், லெமன், ஆரஞ்சு, வெறும் சோடா எல்லாம் என் கையால்தான். மலையில் யாருக்கு வயிறு உப்பினாலும் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். கல்யாணத்தில் கறியை ஒரு பிடி பிடித்தவன், வளைவு வளைவாக பஸ்ஸில் ஏறி வந்து குமட்டுகிறவன், புளி உலுக்கப் போன இடத்தில் வெறும் வயிற்றோடு வேலை செய்தவன், எல்லோருக்கும் ஒரே மருந்து. எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு சோடா. குடித்துவிட்டு நீளமாக ஒரு ஏப்பம் விட்டு, "அப்பாடா" என்பார்கள். அந்த ஏப்பத்தில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

ஆகவே என் மனைவிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வர ஆரம்பித்தபோது நான் டாக்டரைத் தேடவில்லை. மருந்து என் கடையிலேயே இருக்கும்போது டாக்டர் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டால் சாயங்காலம் வலி வரும். முதுகுப் பக்கம் போகும், தோள்பட்டை வரைக்கும் ஏறும். நான் ஒரு சோடாவை உடைத்துக் கொடுப்பேன். அவள் ஏப்பம் விடுவாள். கொஞ்ச நேரத்தில் வலி தானாக அடங்கும். அடக்கியது என் சோடாதான் என்று நான் மீசையைத் தடவிக்கொள்வேன்.

என் மனைவி படவேட்டுக்காரி. வாய் கொஞ்சம் நீளம். நாலு பேர் எதிரில் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள், வீட்டுக்குள் வந்துவிட்டால் 'யோவ்'தான்.

"யோவ், உன் சோடா என் வவுத்துல போய் இன்னாதான் பண்ணுது? வலி வந்த வழியே திரும்பித் திரும்பி வருதே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வாயு. வந்துட்டுப் போவும்," என்றேன் நான், ஏதோ படித்தவன் மாதிரி.

ஒரு மத்தியானம் கடையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. வாந்தி நிற்கவில்லை. நான் பழக்கத்தில் ஒரு சோடாவை எடுத்தேன். அவள் அதைத் தட்டிவிட்ட வேகத்தில் பாட்டில் தெருவில் போய் உருண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்துக் கடைக்காரர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு எங்கள் மலை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சின்ன ஆஸ்பத்திரிதான். ஓடு போட்ட வார்டு, ஒரே ஒரு தியேட்டர், கரண்ட் போனால் உறுமுகிற ஒரு ஜெனரேட்டர். சர்ஜன் ஒரு அம்மா. என் கடைசித் தங்கை வயசுதான் இருக்கும். தெற்கத்திக்காரர், நிதானமாகப் பேசுவார். வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பித்தப்பை நிறையக் கல். புளியங்கொட்டை மாதிரி ஒன்று, அதைச் சுற்றிச் சாமை மாதிரிப் பொடிசுகள்.

"வலிக்கு இதுவரைக்கும் என்ன குடுத்தீங்க?"

"சோடா குடுத்தேன் மேடம்."

"சோடாவா? யார் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். நானே சோடாக் கடைதான்."

பக்கத்தில் நின்ற தியேட்டர் சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். என் கடைக்கு வாரா வாரம் பன்னீர் சோடா குடிக்க வருகிறவர். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஏப்பம் வந்திருக்கும். கல்லுக்கு அது தெரியாதே," என்றார்.

பித்தப்பையையே எடுத்துவிட வேண்டும் என்று அவர் விளக்கினார். வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஒன்றின் வழியாகக் கேமரா விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே எடுக்கலாமாம். உள்ளே கை ஓட இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றுக்குள் கேஸ் விட்டு உப்ப வைப்பார்களாம்.

"இன்னா கேஸ் மேடம்?"

"கார்பன் டை ஆக்ஸைடு."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டேன். "மேடம், அது என் கேஸு! நான் பாட்டில்ல அடிக்கறதும் அதேதான்!"

வலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தவளுக்கு 'ங்க' எல்லாம் மறந்துபோய்விட்டது. "கடைசில என் வவுத்தையும் சோடா பாட்டில் ஆக்கிட்டியேய்யா," என்றாள். அப்போதுதான் டாக்டரும் சிரித்தார்.

ஆனால் சிரித்த முகத்தோடு அவர் அடுத்துச் சொன்னது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை. "பித்தப்பைக்குப் பக்கத்துலயே ஈரல்லேர்ந்து பித்தம் வர்ற குழாய் ஓடுது. பையோட காம்பு எது, அந்தக் குழாய் எதுன்னு தெளிவா தெரிஞ்ச அப்புறம்தான் வெட்டணும். மாத்தி வெட்டிட்டா உடம்பு மஞ்சளா மாறி, வாழ்க்கை முழுக்க அவதிதான். அதைச் சரி பண்ற வசதி இங்க கிடையாது. வேலூர் போகணும், அங்கயும் அது லேசுப்பட்ட வேலை இல்ல. அதனால, எனக்குத் தெளிவா தெரியலைன்னா ஓட்டை வழியா வெட்டவே மாட்டேன். வயித்தைத் திறந்து, கண்ணால பார்த்து எடுப்பேன். தழும்பு பெரிசா இருக்கும், கூடக் கொஞ்ச நாள் படுக்கணும். அதுக்கும் சேர்த்துதான் சம்மதம் கேக்கறேன். கீழ போய் பண்ணிக்கறதுன்னாலும் எழுதித் தர்றேன்."

அந்தக் குழாய் ஒன்றுதான் அன்றிலிருந்து எனக்குக் கவலை. கடையில் ரப்பர் குழாயைப் பார்த்தால்கூட அதுதான் ஞாபகம் வரும்.

என் மனைவி மட்டும் நேராக ஒரு கேள்வி கேட்டாள். "உங்க அக்காவுக்கு இப்பிடின்னா இங்க வெச்சுப் பண்ணுவீங்களா மேடம்?"

டாக்டர் ஸ்கேன் திரையை இன்னொரு தடவை பார்த்தார். யோசித்தார். "எல்லாம் கையில இருக்கற அன்னிக்குப் பண்ணுவேன். ஒன்னு குறைஞ்சாலும் பண்ண மாட்டேன்."

"அப்போ நான் இங்கியே பண்ணிக்கறேன்," என்றாள் இவள். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் இரண்டு யோசனை சொல்லியிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மயக்க மருந்து டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் கீழேயிருந்து வருவார், ஆகவே அந்த நாளைத்தான் குறிக்க முடியும். செய்தி படவேட்டுக்குப் போனதும் என் மச்சான் ஒரு வேன் நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். என் மனைவிக்குத் தம்பி. சொந்த வேன், சொந்த ராஜ்யம். படவேட்டு அம்மன் கோயிலில் வைத்துக் கொண்டுவந்த மஞ்சள் நூலை அக்கா கையில் காப்பாகக் கட்டினான்.

"காப்புக் கட்டியாச்சு. காரியம் முடியற வரைக்கும் அக்கா இந்த மலை எல்லையத் தாண்டக் கூடாது," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஆபரேஷனுக்கும் அதே சட்டம் என்று அவனாகவே சேர்த்துக்கொண்டான். வந்த ஜனமும் சரி சரி என்று தலையாட்டியது.

குறித்த நாள் காலையில் இவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வார்டில் உட்கார்ந்திருந்தாள். வேன் ஜனம் மொத்தமும் வராந்தாவில். மயக்க டாக்டர் போளூர்ப் பக்கமாக வந்து சேர்ந்துவிட்டார். எல்லாம் சரி என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது சர்ஜன் அம்மா வந்து, "இன்னிக்கு வேண்டாம். அடுத்த வாரம் பண்ணிக்கலாம்," என்றார்.

"இன்னாத்துக்கு?"

"கேஸ் சிலிண்டர் ஒன்னுதான் இருக்கு. ஸ்பேர் சிலிண்டர் வர்ற வண்டி ஆலங்காயம் பாதையில மாட்டிக்கிச்சு. மழைக்குப் பாறை சரிஞ்சு கிடக்கு."

"அந்த ஒன்னு காலியா?"

"முழுசா இருக்கு."

அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்றைக்கு இரண்டும் ஒன்றாக நடந்தது.

"முழு சிலிண்டர வெச்சிக்கினு இல்லன்றீங்களா? ஊர்லேர்ந்து வேன் போட்டுக்கினு வந்து உக்காந்திருக்காங்க! பட்டினி கெடக்கறா அவ! ஒரு வவுத்துக்கு எவ்ளோ கேஸ் புடிக்கும்? நான் கேஸ்லயே பொழைக்கறவன் மேடம், எனக்கா கணக்குத் தெரியாது?"

ஆஸ்பத்திரி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நான் முடிக்கிற வரைக்கும் நின்றார்.

"பாதியில எங்கயாவது கசிஞ்சு தீர்ந்துட்டா, உப்பி நிக்கற வயிறு உள்ள சப்பையா அமுங்கிடும். டிவியில ஒன்னும் தெரியாது. என் கருவி உள்ள இருக்கும். அப்போ எனக்கு அவசரம் வந்துடும். எனக்கு அவசரம் வரக் கூடாது."

"அப்போ திறந்தே எடுத்துடுங்க!"

"உயிருக்கு ஆபத்துன்னா இப்பவே திறந்துடுவேன். இன்னிக்கு அவங்க நல்லா இருக்காங்க. ஒரு வாரம் காத்திருந்தா சின்னத் தழும்போட போறதுக்கு வழி இருக்கு. எதுக்குங்க பெரிசா கிழிக்கணும்?"

எனக்கு எங்கே அதெல்லாம் காதில் ஏறும்? வராந்தாவில் இப்படியும் அப்படியும் நடந்தேன். நடந்துகொண்டே இருக்கும்போது பளிச்சென்று ஒரு யோசனை. அட, ஸ்பேர் சிலிண்டர்தானே வேண்டும்? என் கடையில் நிற்கிறதே!

"மச்சான், வண்டிய எடு!"

கடைக்குப் போனோம். போன வாரம்தான் திருப்பத்தூரிலிருந்து வந்த முழு சிலிண்டர், சீல் உடைக்காதது. துடைத்துப் பொட்டு வைத்து, வேனின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஏற்றினோம். கடைத்தெருவில் எல்லோரும் இன்னா ஏது என்று கேட்க, "ஆஸ்பத்திரில கேஸ் இல்லியாம், நாம குடுக்கப் போறோம்," என்று மச்சான் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்டாட்டி ஆபரேஷனுக்குப் புருஷன் தன் தொழில் சாமானையே கொண்டுபோய்க் கொடுப்பது யாருக்குக் கிடைக்கும்?

தியேட்டர் வாசலில் சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னாண்ணா இது?"

"ஸ்பேர் சிலிண்டர்."

"சோடா சிலிண்டர்ணா இது! பொட்டு வேற வெச்சிருக்கு!"

"சோடாவா இருந்தா இன்னா? கேஸ் ஒன்னுதானே? உன் மேடமே சொன்னாங்களே."

சிஸ்டர் உள்ளே ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், நானும் பதிலுக்குத் தயாராக இருந்தேன். அவர் சிலிண்டரைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், பிறகு அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு எனக்கு உண்டு.

"இது எப்படி ஆச்சு?"

"பாட்டில் வெடிச்சுது மேடம். தொழிலுக்கு வந்த புதுசுல. கீறல் விட்ட பாட்டில், பாக்காம மிஷின்ல வெச்சு கேஸ் ஏத்திட்டேன்."

"இப்போ?"

"இப்போ ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுதான் வெப்பேன்."

"சந்தேகமா இருந்தா?"

"ஒடச்சிக் குப்பையில போட்டுடுவேன்."

டாக்டர் சிலிண்டரை லேசாகத் தட்டினார். "எனக்கு இதுமேல சந்தேகம். உள்ள துரு இருக்கலாம், எண்ணெய் இருக்கலாம், ஈரம் இருக்கலாம். சோடாவுக்கு இது நல்ல கேஸ்தான், நானே உங்க கடையில குடிச்சிருக்கேன். ஆனா வயித்துக்குள்ள விடறதுக்குன்னு இதை யாரும் சோதிச்சுத் தரல. உங்க வீட்டுக்காரம்மா உள்ள இதை நான் விட மாட்டேன்."

பதில் இல்லாதபோதுதான் எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியாக வரும். யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் மச்சானைப் பார்த்து, "இன்னாடா வேடிக்கை பாக்கற, ஏத்து!" என்று கத்தினேன். போன வழியாகவே அதே கடைத்தெருவில் அதே சிலிண்டரோடு திரும்பினோம். "இன்னாண்ணே, அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சுதா?" என்று டீக்கடையிலிருந்து ஒருத்தன் கேட்டான். தலையைக் குனிந்துகொண்டேன்.

வார்டுக்குத் திரும்பி வந்தால் அங்கே பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. சாமியிடம் வைத்த காரியம் தடைப்பட்டது சகுனத்துக்கு ஆகாது என்று வேன் ஜனம் ஒரே முணுமுணுப்பு. மச்சான் என் பக்கம் திரும்பி, "மாமா, இந்த ஆஸ்பத்திரியே வாணாம். அக்காவக் கெளப்பு. திருப்பத்தூர்ல கொண்டும்போய் நாளைக்கே முடிச்சிட்டு வர்றேன். ஒரு சிலிண்டருக்கு வக்கில்லாத எடத்துல..." என்று ஆரம்பித்தான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

என் மனைவி கையைத் தூக்கி அவன் கட்டிய மஞ்சள் நூலைக் காட்டினாள்.

"காரியம் முடியற வரைக்கும் மலை எல்லையத் தாண்டக் கூடாதுன்னு நீதானேடா சொன்ன?"

மச்சான் நூலையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். கட்டியது அவன், சட்டம் போட்டது அவன், தலையாட்டியது அவன் கூட்டிவந்த ஜனம். அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "யோவ், கேட்டுக்க. சரி சரின்றவன் எங்க போனாலும் கெடைப்பான். இத்தினி பேரு கத்தறாங்க, நீ வேற சிலிண்டரத் தூக்கினு வந்து நிக்கற, அப்பவும் வாணாம்னாங்களே, அந்தக் கைக்குத்தான் நான் என் வவுத்தக் காட்டுவேன். இப்போ போய் இட்லி வாங்கினு வா, பசி உயிரு போவுது."

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். காப்புக் கட்டினவளை விட்டுப் போகக் கூடாது என்று வேன் ஜனம் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. கடையில் போட்ட சோடாவில் பாதியை அவர்களே குடித்துத் தீர்த்தார்கள். இவளுக்கு எண்ணெய் இல்லாத கஞ்சிதான். இடையில் ஒருநாள் வலியோடு காய்ச்சலும் வந்துவிட்டது. மறுபடி வார்டில் சேர்த்து ட்ரிப் ஏற்றினார்கள். அவள் முகம் வாடிக் கிடந்ததைப் பார்த்து நான் மனசுக்குள் டாக்டரைத் திட்டாத திட்டு இல்லை. டாக்டரோ தன் வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இறங்கலைன்னா காத்திருக்க மாட்டேன், மயக்க டாக்டரை உடனே வரச் சொல்லித் திறந்துடுவேன், பயப்படாதீங்க," என்றார். காய்ச்சல் இறங்கிவிட்டது. படவேட்டு அம்மன் என்றது வேன் ஜனம், ஊசி என்றார் சிஸ்டர்.

பாதை திறந்ததும் ஆஸ்பத்திரி ஆளை ஏற்றிக்கொண்டு மச்சானே கீழே போய், வழியில் மாட்டிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து சிலிண்டரைக் கொண்டுவந்து சேர்த்தான். அதற்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று சிஸ்டர் முன்கூட்டியே போனில் எச்சரித்திருந்தார்.

ஆபரேஷன் அன்றைக்குத் தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்றி என் கையில் கொடுத்தாள். காப்பு நூலை மட்டும் சிஸ்டர் அறுக்கவில்லை. "சுத்தமா துடைச்சு மேல பிளாஸ்திரி ஒட்டிடறேன்க்கா, உங்க அம்மனும் உள்ள வரட்டும்," என்றார். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு போகும்போது இவள் என்னைப் பார்த்து, "ஏப்பம் வந்தா சொல்லி அனுப்பறேன்ங்க," என்றாள். நாலு பேர் இருந்ததால் 'ங்க'.

கதவு மூடியது. நான் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மச்சான். என் மடியில் அவள் நகை முடிச்சு. நேரம் நகரவே இல்லை. நடுவில் கரண்ட் போனது. என் நெஞ்சும் நின்றது. ஜெனரேட்டர் இரண்டு இருமல் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. உள்ளே குழாய், காம்பு, கத்தி என்று மனசு ஓடியது. எது காம்பு, எது குழாய்? மாற்றி வெட்டினால் மஞ்சள். இந்த நாலு சொல்லைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சிஸ்டர் வெளியே வந்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணா, உள்ள எல்லாம் ஒட்டிக் கிடக்கு. மேடம் ரொம்ப நேரம் பாத்தாங்க. எவ்ளோ பொறுமையா பிரிச்சும் காம்பு எதுன்னு தெளிவா தெரியல. திறக்கப் போறாங்க. முன்னாடியே சொன்னதுதான், ஆனாலும் உங்ககிட்ட சொல்லிட்டு வரச் சொன்னாங்க."

மச்சான் எழுந்தான். "இதுக்கா ஒரு வாரம் காக்க வெச்சீங்க?"

என் காது சிவக்கவில்லை. மச்சானின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். "திறக்கச் சொல்லும்மா. நல்லாப் பாத்து எடுக்கச் சொல்லு," என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று மச்சான் என்னையே பார்த்தான்.

அதற்குப் பிறகும் வெகுநேரம் ஆனது. டாக்டர் வெளியே வந்தபோது தொப்பியின் ஓரமெல்லாம் வியர்த்திருந்தது.

"நல்லா இருக்காங்க. பை வெளிய வந்துடுச்சு. குழாய்ல ஒரு கீறல்கூட இல்ல, என் கண்ணாலயே பார்த்துட்டேன். தழும்புதான் பெரிசு."

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேவிட்டேன். "இந்த ஒரு வாரத்துலதான் ஒட்டிக்கிச்சா மேடம்?"

"இல்ல. கடைசியா வந்த காய்ச்சல்ல கொஞ்சம் வீங்கியிருக்கு. ஆனா ஒட்டு பழைய ஒட்டு. வலி வந்து வந்து, ஆறி ஆறி ஒட்டினது. போன வாரம் பண்ணியிருந்தாலும் திறந்துதான் எடுத்திருக்கணும்." அவருக்கே களைப்பில் சிரிப்பு வந்தது. "நீங்க சோடா குடுத்த வலியெல்லாம்தான்."

"அப்போ அந்த ரெண்டாவது சிலிண்டரு?"

"திறக்கவே இல்ல."

மச்சான் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

டாக்டர் பெஞ்சில் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "திறக்கல. ஆனா அது என் பக்கத்துல நின்னுச்சு. நடுவுல முதல் சிலிண்டர்ல மீட்டர் முள்ளு இறங்கறதைப் பார்த்தேன். போன வாரமா இருந்தா என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா? தீர்றதுக்குள்ள முடிக்கணும்னு, காம்பு மாதிரி தெரிஞ்ச ஒன்னை வெட்டியிருப்பேனோ என்னவோ. இன்னிக்கு எவ்ளோ நேரம் வேணும்னாலும் பார்க்கலாம்னு இருந்துச்சு. பார்த்தேன். திறந்த அப்புறம்தான் தெரிஞ்சுது, காம்பு மாதிரி தெரிஞ்சது காம்பு இல்ல. அதுதான் குழாய்."

சொல்லிவிட்டு அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

நான் அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை, தேம்பித் தேம்பி அழுதேன். வராந்தாவில் எத்தனை சத்தமாகக் கத்தினேனோ அத்தனை சத்தமாக அழுதேன். அவர் காலைத் தொடப் போனேன், அவர் பதறி எழுந்துவிட்டார். "மேடம் செருப்புல தியேட்டர் அழுக்கு கீது, தொடாதீங்கண்ணா," என்று சிஸ்டர் வேறு அதட்டினார். கடைசியில் கும்பிட்டுக்கொண்டே நின்றேன். நல்லா இருங்க மேடம், நல்லா இருங்க என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

இவளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் தழும்புதான் பேச்சு. "ஓட்டை ஆபரேஷன்னாங்க, இம்மாம் பெரிசா கிழிச்சு வெச்சிருக்காங்களே, டாக்டருக்குக் கை பழகலியா?" என்று ஒருத்தர் என் கடையில் உட்கார்ந்து என் சோடாவையே குடித்துக்கொண்டு கேட்டார். காது சிவந்தது. பாட்டிலைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"கை பழகினவங்கதான்யா நிறுத்தினாங்க. தெரியலன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும். உனக்கு கீதா? போ, வேற கடையில குடி."

அவர் போகவில்லை. வேறு கடை கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து நானே இன்னொரு பாட்டிலை உடைத்துக் கொடுத்து, குழாய் கதையை முதலிலிருந்து சொன்னேன். அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வலது விலாவுக்குக் கீழே வலி என்று எவன் வந்து நின்றாலும் இப்போது சோடா கிடையாது. நேராக ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடுவேன். வியாபாரம் போகிறதே என்று மச்சான் கேலி பண்ணுகிறான். போகட்டும்.

ஆடி மாசம் படவேட்டுக்குப் போய்க் காப்பை அவிழ்த்தோம். மச்சான் வீட்டில் கூழும் கறிக்குழம்புமாக விருந்து. இவள் எத்தனையோ நாளைக்குப் பிறகு எலும்பைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டாள். நான் என் இலையை மறந்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது முகம் சுருங்கும், இப்போது கை விலாவுக்குப் போகும் என்று காத்திருந்தேன். கை குழம்புச் சட்டிக்குத்தான் போனது.

சாப்பிட்டு எழுந்ததும், எனக்கே தெரியாமல், கடையிலிருந்து கொண்டுபோயிருந்த பெட்டியில் ஒரு சோடாவை எடுத்துக் கோலியை அழுத்தி உடைத்து அவளிடம் நீட்டிவிட்டேன். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆனாலும் அவள் 'ங்க' போடவில்லை.

"எனக்கு இன்னாத்துக்குய்யா? வலியே இல்ல. நீயே குடி."

குடித்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "கேஸ் ஜாஸ்தியாய்டுச்சு," என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கறியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.